காய்ச்சல் இல்லாத சவலைப் பிள்ளையும் ஆபத்தில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கியதும் நம் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்திகளுள் ஒன்று, ஏதேனும் ஓர் ஊரில் ஒரு குழந்தை ‘மர்மக் காய்ச்சலுக்கு’ப் பலியானது என்பதாகும். அச்செய்தியில் குழந்தையின் வயது இருக்கும். பெற்றோரின் தொழில் இருக்கும். கொசு ஒழிப்புப் பணி நடந்ததா, குடிநீரில் குளோரின் கலக்கப்பட்டதா என்ற விவரங்களும் இருக்கும். அக்குழந்தையின் எடை என்ன என்பது மட்டும் இருக்காது. அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், விடுபட்டுப்போகும் அந்த ஒரு விவரம்தான் இத்தகைய மரணங்களில் பலவற்றை விளக்கக்கூடியது என்று உறுதியாக நம்புகிறேன். அதனாலேயே சற்று நீளமான இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு கிருமி குடலிலோ நுரையீரலிலோ தோலிலோ தங்கியிருக்கும்வரை அதனால் வரும் தொல்லைக்குப் பெரும்பாலும் ஓர் எல்லை உண்டு. தொற்று முற்றி, பல நேரங்களில் கிருமி இரத்தத்திலும் நுழைந்து பெருகி, அதற்கு உடல் காட்டும் கட்டுக்கடங்காத எதிர்வினையால் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலையை மருத்துவர்கள் செப்சிஸ் என்கிறார்கள். உறவினர்களிடம் ‘இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது’ என்று சொல்கிறோம். 2017-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 4.89 கோடிப் பேர் இந்நிலைக்கு ஆளானதாகவும், அவர்களில் 1.1 கோடிப் பேர் இறந்ததாகவும், இறந்தவர்களுள் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் 2020-இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணக்கீடு கூறுகிறது. இன்னொரு புறம், ஐந்து வயதுக்குள் நிகழும் குழந்தை இறப்புகளில் கிட்டத்தட்டப் பாதியோடு ஊட்டச்சத்துக் குறைபாடு தொடர்புடையது என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இவ்விரு கணக்குகளிலும் வரும் குழந்தைகள் பெருமளவுக்கு ஒரே குழந்தைகள்தாம். ஆனால் நம் மருத்துவமனைப் பதிவேடுகளில் கிருமி ஓரிடத்திலும் பசி வேறோர் இடத்திலும் எழுதப்படுகின்றன. பல நேரங்களில் பசி எழுதப்படுவதே இல்லை.

இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் முதன்மையானது கென்யாவின் கடலோரத்தில் உள்ள கிலிஃபி மாவட்ட மருத்துவமனையில் நடந்தது. 1998 ஆகஸ்ட் முதல் 2002 ஜூலை வரை அங்கு உள்நோயாளிகளாகச் சேர்ந்த 19,339 குழந்தைகளுக்கு, அவர்கள் எந்த நோயென்று வந்திருந்தாலும், சேர்க்கும்போதே இரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யப்பட்டது. பிறந்து 60 நாட்களுக்கு உட்பட்டவர்களில் 12.8 விழுக்காட்டினருக்கும், அதற்கு மேற்பட்ட வயதினரில் 5.9 விழுக்காட்டினருக்கும் இரத்தத்தில் பாக்டீரியா இருந்தது. அவ்வாறு கண்டறியப்பட்ட 1,094 குழந்தைகளில் 308 பேர் இறந்தார்கள். அந்த இறப்புகளில் மூன்றில் ஒன்று சேர்க்கப்பட்ட அன்றே நிகழ்ந்தது. மருத்துவமனையில் நிகழ்ந்த மொத்தக் குழந்தை இறப்புகளில் 26 விழுக்காடு, வீட்டிலிருந்து வரும்போதே இரத்தத்தில் கிருமியோடு வந்த குழந்தைகளுடையவை. ஆப்பிரிக்கக் கிராமங்களில் குழந்தைகளைக் கொல்வது மலேரியாதான் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், அதற்குச் சளைக்காத இன்னொரு கொலையாளி கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அங்கே இரத்தக் கிருமித் தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பைக் கூட்டிய காரணிகளில் எச்ஐவி தொற்றும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் முன்னிலையில் இருந்தன.

இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் அங்கு கண்டறியப்பட்ட கிருமிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் நான்கே வகையைச் சேர்ந்தவை: நிமோகாக்கஸ், டைபாய்டை உண்டாக்காத பிற சால்மொனெல்லா வகைகள், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா, ஈ.கோலி. இவற்றுள் இரண்டுக்கு நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையிலேயே இன்று மருந்து இருக்கிறது. ஹீமோஃபிலஸைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கப்பட்டது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-இல் நமக்கு வந்தது. இது பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் மீதமுள்ள இரண்டும் குடல் வழியாக வருபவை. அவற்றைத் தடுக்க அட்டவணையில் ஊசி இல்லை. குழந்தையின் குடலும் அதைக் காக்கும் உணவும் நீரும்தான் அங்கே தடுப்பு.

மெலிந்த குழந்தையின் உடலுக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், ‘சத்துக் குறைவு என்றால் கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதானே’ என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. போதிய புரதமும் துத்தநாகமும் வைட்டமின் ஏ-யும் கிடைக்காதபோது, மிக வேகமாகப் புதுப்பிக்கப்பட வேண்டிய திசுக்கள்தாம் முதலில் தேய்கின்றன. சிறுகுடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தட்டையாகின்றன. ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும் குடற்சுவர்ச் செல்களுக்கு இடையில் கசிவு ஏற்படுகிறது. இரைப்பையில் அமிலம் குறைவதால், உணவோடும் நீரோடும் போகும் கிருமிகள் சாகாமல் கீழே இறங்குகின்றன. குடலின் மேற்பகுதியில் வழக்கமாக இருக்கக் கூடாத அளவுக்குப் பெருகுகின்றன. குடலின் ஈரப்பரப்பில் காவல் நிற்கும் எதிர்ப்புப் புரதமும் குறைந்துவிடுகிறது. இத்தனையும் சேர்ந்தால், ஆரோக்கியமான குழந்தைக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு கிருமி, சவலைப் பிள்ளையின் குடற்சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் போய்விடுகிறது.

உள்ளே போன கிருமியை எதிர்கொள்ள வேண்டிய படையும் அங்கே தயாராக இல்லை. நோய் எதிர்ப்புச் செல்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி, கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் சுருங்கிப் பெரும்பகுதி கொழுப்பாகிவிடுகிறது. இறந்த குழந்தைகளின் உடற்கூறாய்வுகளில் இது நெடுங்காலமாகப் பார்க்கப்பட்டுவரும் உண்மை. கிருமியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டும் புரதங்களைக் கல்லீரலால் போதிய அளவு உருவாக்க முடிவதில்லை. வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கினாலும் அதைக் கொல்லும் திறன் மந்தமாகிவிடுகிறது. வீக்கத்தோடு வரும் குவாஷியார்கர் வகையில் தோலே உரிந்து புண்ணாகி, அதுவும் ஒரு நுழைவாயிலாகிறது. நோயும் பசியும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: தட்டம்மையோ தொடர் வயிற்றுப்போக்கோ வந்த குழந்தை சாப்பிட மறுக்கிறது, உண்டதும் உடலில் ஒட்டுவதில்லை, எடை குறைகிறது, அடுத்த தொற்றுக்கு இன்னும் எளிதாக இரையாகிறது.

இக்கடிதத்தின் மையமான செய்தி இனிமேல் வருவது. கிருமி உள்ளே வந்துவிட்டது என்று உடல் அறிவிக்கும் வழிகளில் காய்ச்சலே நமக்கு மிகவும் பழக்கமானது. ஆனால் காய்ச்சலை உண்டாக்குவதற்கும் உடலில் எரிபொருள் வேண்டும். எதிர்வினை ஆற்றும் வலு வேண்டும். கடுமையாக மெலிந்த குழந்தைக்கு அவை இல்லை. ஆகவே இரத்தம் முழுதும் கிருமி பரவியிருக்கும்போதும் அக்குழந்தைக்கு உடல் சுடாமல் இருக்கலாம். சுடுவதற்குப் பதிலாகக் குளிர்ந்துபோகும். அழுவதற்குப் பதிலாக அமைதியாகிவிடும். பால் குடிப்பதை நிறுத்தும். கண் திறந்திருந்தும் எதையும் பின்தொடராது. ‘பிள்ளை இரண்டு நாளாகத் தொந்தரவு செய்யாமல் படுத்திருந்தான், காய்ச்சல்கூட இல்லையே’ என்று சொல்லி அழுத தாய்மார்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் கவனக் குறைவானவர்கள் அல்லர். நோயின் அடையாளம் காய்ச்சல்தான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மருத்துவத் துறையினராகிய நாங்கள்தாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் சிகிச்சை வழிகாட்டுதல்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன. கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு சிக்கல்களும் சேர்ந்து மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், தொற்று இருப்பதாகவே கொண்டு முதல் நாளே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே அவற்றின் அறிவுரை. அக்குளில் அளந்தால் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உடல் வெப்பம் இறங்குவதும், இரத்தச் சர்க்கரை 100 மில்லி இரத்தத்தில் 54 மில்லிகிராமுக்குக் கீழே போவதும் இக்குழந்தைகளில் ஆழ்ந்த தொற்றின் அடையாளங்களாகக் கருதப்பட வேண்டும். இது பாடநூலில் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளிலும் சொல்லப்படுகிறது. கூட்டம் நிறைந்த ஒரு மாலை நேரத்து வெளிநோயாளர் பிரிவில், வெப்பமானி ‘சாதாரணம்’ என்று காட்டும் ஒரு குழந்தையை, மூச்சிரைக்கும் பத்துக் குழந்தைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைத்துவிடுவதுதான் நடைமுறையில் நிகழ்கிறது.

சிகிச்சையிலும் நம் மக்களின் வழக்கமான எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிவிடுகிறது. மயங்கிக் கிடக்கும் பிள்ளையைக் கண்டதும் ‘டிரிப்ஸ் ஏற்றுங்கள்’ என்று உறவினர்கள் கேட்பார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் மெலிந்த குழந்தையின் இதயத் தசையும் மெலிந்திருக்கிறது. உடலில் பொட்டாசியம் குறைந்து சோடியம் தேங்கியிருக்கிறது. வேகமாக ஏற்றப்படும் திரவத்தை அந்த இதயத்தால் தாங்க முடியாமல் போகலாம். அதனால்தான் இரத்த ஓட்டம் வீழ்ந்துவிடும் அதிர்ச்சி நிலை ஒன்றைத் தவிர, இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், கடுங்காய்ச்சலோடு இரத்த ஓட்டம் தளர்ந்து வந்த குழந்தைகளுக்கு விரைவாகத் திரவம் ஏற்றியதால் இறப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. ஓரளவு ஊட்டமுள்ள குழந்தைகளுக்கே இந்த நிலை என்றால் மெலிந்தவர்களிடம் எத்தனை நிதானம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இரும்புச்சத்து டானிக்கும் அப்படித்தான். இரத்தசோகையோடு வெளிறிக் கிடக்கும் குழந்தைக்கு அதை உடனே கொடுக்கத் தோன்றும். ஆனால் கிருமிகள் பெருகுவதற்கும் இரும்பு தேவை என்பதால், தொற்று அடங்கிப் பசி திரும்பி எடை ஏறத் தொடங்கும்வரை அது நிறுத்தி வைக்கப்படுகிறது.

அப்படியானால் முதல் நாட்களில் குழந்தையைக் காப்பாற்றுவது எது? வெதுவெதுப்பு, சர்க்கரை, சரியான நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, சிறிது சிறிதாக உணவு. 100 மில்லியில் 75 கலோரி மட்டுமே தரும் எஃப்-75 என்னும் பால் கலவையை, இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூக்குக் குழாய் வழியாகவாவது கொடுக்க வேண்டும். இதில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து அளந்து ஊட்ட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே. ஆனால் வார்டில் இரவுப் பணியில் ஒரே ஒரு செவிலியர் இருக்கும்போது முதலில் தவறிப்போவதும் இந்த வேலைதான். அதிகாலையில் சர்க்கரை இறங்கி இறந்துபோன குழந்தையின் குறிப்பேட்டில் ‘செப்சிஸ்’ என்று எழுதப்படும். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒன்றே போதுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இக்கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலாவியில் சிக்கல் இல்லாத கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு கொண்ட 2,767 குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வெற்று மருந்து (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரப்படும், மருந்துப் பொருள் இல்லாத போலி மருந்து) பெற்றவர்களில் 7.4 விழுக்காட்டினர் இறந்தார்கள். அமாக்சிசிலின் பெற்றவர்களில் 4.8 விழுக்காட்டினரும், செஃப்டினிர் பெற்றவர்களில் 4.1 விழுக்காட்டினரும் இறந்தார்கள். ஏழு நாள் மருந்து இத்தனை உயிர்களைக் காக்கிறது என்றால், வெளியே தெரியாத தொற்று எத்தனை குழந்தைகளுக்குள் இருந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். ஆனால் நைஜரில் 2,412 குழந்தைகளிடம் நடந்த இதே போன்ற ஆய்வில், குணமடைவோர் எண்ணிக்கையில் அமாக்சிசிலினால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. கென்யாவின் நான்கு மருத்துவமனைகளில், சிகிச்சை பெற்று உடல் நிலைப்பட்ட 1,778 குழந்தைகளுக்கு ஆறு மாதம் நாள்தோறும் கோட்ரைமாக்சசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியோ வெற்று மருந்தோ கொடுத்துப் பார்த்தபோது, ஓராண்டில் இறந்தவர்கள் மருந்து பெற்ற குழுவில் 14 விழுக்காடு, பெறாத குழுவில் 15 விழுக்காடு.

இந்தக் கடைசி எண்களில் வாசகர்கள் சற்றுத் தங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அக்குழந்தைகள் மருத்துவமனையில் தேறி, ஆபத்து நீங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்கள். அவர்களில் ஏழில் ஒருவர் அடுத்த ஓராண்டுக்குள் இறந்தார். மருந்துச் சீட்டு அந்த மரணங்களைத் தடுக்கவில்லை. குடல் மீளாமல், உணவு போதாமல், அதே குடிநீருக்கும் அதே வீட்டுக்கும் திரும்பிய குழந்தையின் உடலில் பழைய திறப்புகள் அப்படியே இருக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லிகளை நீண்ட நாள் கொடுத்து இதைச் சமாளிக்கலாம் என்பது இந்தியாவில் இன்னும் ஆபத்தான யோசனை. நம் மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் வளரும் கிளெப்சியெல்லா, அசினட்டோபாக்டர் போன்ற கிருமிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே பல மருந்துகளுக்கும் அடங்காதவை என்பதை 2016-இல் வெளியான தில்லி மருத்துவமனைகளின் ஆய்வு காட்டியது. மருந்து அவசர நேரத்துக்கு உரியது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பது உணவின் வேலை.

குடலைச் சீராக வைத்தாலே இரத்தத் தொற்று குறையும் என்பதற்கு ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒரு சான்று. பிறந்த சில நாட்களிலேயே, நன்மை செய்யும் ஒரு லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் ஏழு நாள் வாய்வழியே கொடுத்தபோது, செப்சிஸும் இறப்பும் சேர்ந்த விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாக இறங்கியதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 2 கிலோவுக்குக் குறையாத எடையோடு பிறந்து தாய்ப்பால் குடித்த குழந்தைகள் என்பதால், எல்லாக் குழந்தைகளுக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. கடையில் விற்கும் ஏதோ ஒரு புரோபயாடிக் பொடியை வாங்கிக் கொடுக்கச் சொல்லும் அறிவுரையாகவும் இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிருமி நுழையும் வாசல் குடல் என்பதையும், அவ்வாசலைக் காக்க முடியும் என்பதையும் அது உறுதிப்படுத்துகிறது.

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 14.6 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள், 5.5 விழுக்காட்டினர் கடுமையாக மெலிந்தவர்கள். நாட்டின் சராசரி முறையே 19.3, 7.7 விழுக்காடு. நாம் சராசரியைவிட மேலே இருக்கிறோம் என்பது உண்மை. ஆனால் சத்துணவுத் திட்டத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய ஒரு மாநிலத்தில், இருபது குழந்தைகளில் ஒன்றுக்கும் மேல் கடுமையாக மெலிந்திருப்பது நிம்மதி தரக்கூடிய செய்தியாக எனக்குப் படவில்லை. 2022 மே மாதம் உதகையில் தொடங்கப்பட்ட ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம், அங்கன்வாடிகளில் குழந்தைகளை அளந்து, மெலிந்தவர்களைப் பிரித்தறிந்து, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, சிறப்பு உணவும் பாலூட்டும் தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் வழங்குகிறது. இது சரியான வழி. இதை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் அத்திட்டம் அங்கன்வாடியில் தொடங்கி அங்கன்வாடியிலேயே முடிந்துவிடக் கூடாது. அங்கே ‘கடுமையான மெலிவு’ என்று பதிவான குழந்தை மூன்று வாரம் கழித்து வயிற்றுப்போக்கோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவரிடமோ வரும்போது, அந்த விவரம் கூடவே வர வேண்டும். வராவிட்டாலும் வாசலிலேயே மீண்டும் அளக்கப்பட வேண்டும். அதற்கு ஒரு மேற்கைச் சுற்றளவு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையின் நடுப்பகுதி 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் மெலிவு. நாடாவின் சிவப்புப் பகுதி அதைச் சொல்லிவிடும். மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளில் யார் இறக்கக்கூடும் என்று முன்னறிவதில், எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்குக்கு இந்த நாடா குறைந்ததல்ல என்பது, முன்னே சொன்ன கிலிஃபி மருத்துவமனையிலேயே 8,190 குழந்தைகளிடம் காட்டப்பட்டது. அரை நிமிட வேலை. இரண்டு பாதங்களிலும் கட்டை விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பது இன்னொரு அரை நிமிடம். இவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்து, குழந்தை சோர்ந்தோ குளிர்ந்தோ பால் குடிக்காமலோ இருந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் வரிசையைத் தாண்டி உள்ளே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்ற ஐயத்துக்கு நம் மாநிலமே விடை வைத்திருக்கிறது. 2022 முதல் செயல்படும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், அரசு மருத்துவ நிலையங்களில் காசநோய் என்று கண்டறியப்பட்ட ஒவ்வொரு வயதுவந்தவரின் எடையும் உயரமும் கால் வீக்கமும் மூச்சு வேகமும் இரத்த ஆக்சிஜனும் உடனே பார்க்கப்படுகின்றன. அவர் துணையின்றி நிற்கிறாரா என்றும் கவனிக்கிறார்கள். மிகக் கடுமையாக மெலிந்தவர்கள், மருந்து தொடங்கியாயிற்று என்று வீட்டுக்கு அனுப்பப்படாமல், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உணவோடு சேர்த்துச் சிகிச்சை பெறுகிறார்கள். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து நடத்தும் இத்திட்டத்தால் பல மாவட்டங்களில் காசநோயாளிகளின் தொடக்ககால இறப்புகள் குறைந்தன. நோயாளியின் மெலிவை ஓர் அவசர அறிகுறியாக எடுத்துக்கொண்டதுதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்று கருதுகிறேன். வயதுவந்த காசநோயாளிகளுக்கு நம் மாநிலத்தில் செய்ய முடிந்ததை, தொற்றோடு வரும் மெலிந்த குழந்தைகளுக்குச் செய்ய முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

இதோடு இரத்தக் கிருமி வளர்ப்புச் சோதனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கீழே விரிவாக வேண்டும். முதல் ஊசி போடுவதற்கு முன் இரத்தம் எடுக்கப்படாவிட்டால் பிறகு எடுப்பதில் கிருமி வளர்வது அரிது. மருந்துக் கடையில் வாங்கிய இரண்டு வேளை சிரப்புகூட முடிவை மாற்றிவிடும். அதே நேரத்தில், முடிவுக்காக இரண்டு மூன்று நாள் காத்திருந்து மருந்து தொடங்குவதும் இக்குழந்தைகளிடம் கூடாது. இரத்தத்தை எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கி, முடிவு வந்ததும் மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோதான் முறை. வட்ட மருத்துவமனைகளில் எடுக்கப்படும் புட்டிகளை நாள்தோறும் மாவட்ட ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்க ஒரு வாகன ஏற்பாடு இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செங்கல் சூளைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிமாவட்டங்களிலிருந்தும் வரும் குடும்பங்களின் பிள்ளைகள், வேலை முடிந்ததும் இடம் மாறுகிறார்கள். மலைக் கிராமங்களில் அங்கன்வாடி அடுத்த குடியிருப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைகளை அங்கன்வாடிக்கு யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. இரத்தத் தொற்றால் மிக எளிதாக இறப்பவர்கள் இவர்களே. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிச் செல்லும்போது தடுப்பூசி அட்டையோடு எடையையும் பார்த்து, தாய்ப்பால் சரியாகக் கிடைக்கிறதா என்று அருகிலிருந்து கவனிக்க நேரம் வேண்டும். இன்று அவருடைய நேரத்தில் பெரும்பகுதி கைப்பேசிச் செயலிகளில் விவரம் ஏற்றுவதில் போகிறது.

இறுதியாக, நாளிதழ்களிடம் ஒரு வேண்டுகோள். 2019-இல் பீகாரின் முசாஃபர்பூர் பகுதியில் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது அதுவும் மர்ம நோய் என்றே எழுதப்பட்டது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, வேலூரைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர், இரவு உணவில்லாமல் உறங்கிய மெலிந்த குழந்தைகள் லிச்சிப் பழம் தின்றதால் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து மூளை பாதிக்கப்படுவதே அப்பகுதி நோயின் காரணம் என்று சுட்டிக்காட்டியிருந்தார்கள். அது இரத்தத் தொற்றல்ல. ஆயினும், அங்கும் மர்மம் என்று எழுதப்பட்டதற்குப் பின்னால் ஒரு காலி வயிறு இருந்தது. எனவே அடுத்த முறை ஒரு குழந்தை காய்ச்சலால் இறந்த செய்தியை எழுதும் நிருபர், எந்தக் கிருமி என்று கேட்பதோடு, குழந்தையின் எடை என்ன, கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, மருத்துவமனையில் சேர்த்தபோது கைச் சுற்றளவு பார்க்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டுகிறேன். குழந்தை இறப்புகளை ஆராயும் மாவட்டக் குழுக்களும் காரணம் எழுதும் இடத்தில் ‘செப்சிஸ்’ என்பதோடு நிறுத்தாமல், அதற்கு வழிவிட்ட ஊட்டச்சத்துக் குறைபாட்டையும் அதன் அளவோடு எழுதச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். மரணக் காரணச் சான்றிதழின் படிவத்தில் அதற்கான வரி ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் மருத்துவர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.